பிணை நிற்பவருக்குச் சுட்ட முட்டை

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு அச்சுவேலியில் ஒரு வீட்டில் நானும் என் மாமனாரும் மட்டும் இருந்தோம். கல்யாணமாகிச் சில மாதங்களில் என் கணவர் ஜெர்மனிக்குப் போய்விட்டார். மாமி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். என் பெற்றோரும் உயிரோடு இல்லை. நான் கணவரிடம் போவதற்கான பேப்பர்கள் கொழும்பில் தயாராக இருந்தன. ஆனால் குடாநாட்டை விட்டு வெளியே போக, அப்போது ஊரை ஆண்ட இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். போகிறவர் திரும்பி வராவிட்டால் பதில் சொல்ல, சொந்தத்தில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். எனக்கு மாமாவை விட்டால் வேறு ஆளில்லை.

மாமாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. காலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. பாஸ் கொடுக்கும் இடத்தில் இருந்தவர் அந்தக் காலைத்தான் முதலில் பார்த்தார்.

"ஐயா, நாளைக்கு உங்களுக்கு ஏதும் நடந்தால் இவவுக்கு ஆர் பிணை? உந்தப் புண்ணைச் சுகமாக்கிக்கொண்டு வாங்கோ."

ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. "காலமையில புட்டு, இடியப்பம், பாண் ஒண்டும் குடுக்காதேங்கோ. முட்டையும் இலை வகையும் குடுங்கோ" என்றார் டாக்டர். அவித்த முட்டை நெஞ்சுக்குள் நிற்கிறது என்று மாமா தள்ளிவிட்டார். பொரிக்க எண்ணெய் இல்லை. அதனால் மாமியின் கேக் தட்டை எடுத்தேன். முட்டையைத் தேங்காய்ப்பாலோடு அடித்து, வெங்காயமும் முருங்கையிலையும் போட்டுத் தட்டில் ஊற்றுவேன். அடியில் மணல் பரப்பி அடுப்பில் ஏற்றிய பெரிய சட்டிக்குள் தட்டை வைத்துத் தகரத்தால் மூடி, தகரத்தின் மேல் தேங்காய்ச் சிரட்டைத் தணலைக் கொட்டுவேன். மேலும் கீழும் நெருப்பு. அரை மணித்தியாலத்தில் பொங்கி மேலே சிவந்து வரும்.

விடிந்தால் அதுதான் வேலை. குசினி முழுக்கப் புகை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தணலை ஊதும்போது, இந்தச் சட்டிக்குள் மூடி வைத்திருப்பது என்னைத்தான் என்று தோன்றும். சில காலைகளில் குண்டு போடும் பொம்மர் வரும். இருவரும் வளவில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் ஓடிக் குந்தியிருப்போம். மேலேயிருந்து முட்டை கருகுகிற மணம் வரும். வெளியே போகவும் முடியாது.

மாமா முகத்தைச் சுளித்தபடி சாப்பிடுவார். சாப்பிட்டதும் பேப்பர் பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போவார். மாதங்கள் போயின. புண் மட்டும் ஆறவில்லை. நான் இலையைக் கூட்டினேன், மீன் சேர்த்தேன், தெரிந்த தெய்வங்களையெல்லாம் கும்பிட்டேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் கேட்டார். "என்ன தங்கச்சி, மாமாவுக்குக் காலமைச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ? எங்கட வீட்டில தானே நெடுகப் புட்டுச் சாப்பிடுறார். பாவமெண்டு நானும் குடுக்கிறன்."

மாமா வரும்வரை வாசலிலேயே நின்றேன்.

"புட்டுச் சாப்பிட்டிட்டோ வாறியள்?"

அவர் மறைக்கவில்லை. "ஓம் பிள்ளை."

"புண் ஆறாதெண்டு தெரிஞ்சுகொண்டுதானே சாப்பிடுறியள்?"

கதிரையில் அமர்ந்து காலை நீட்டினார். துணிக்கட்டு ஈரமாக இருந்தது. "ஆறினால் நீ போயிடுவாய். பிறகு நான் இந்த வீட்டில ஆரோட கதைக்கிறது?"

எனக்கு வந்த கோபம் போகவில்லை. ஆனால் அவரை நான் எதற்காகச் சுகமாக்கப் பார்க்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு வெளிச்சமாகத் தெரிந்தது.

அடுத்த நாள் காலை நான் தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். அவர் முழுவதையும் சாப்பிட்டார். பேப்பர் பார்க்கப் போகவில்லை. கோழிக்கூட்டைத் திறந்து தானே முட்டை பொறுக்கி வந்து குசினியில் வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். என்னைத் தணலுக்குப் பக்கத்தில் இருக்கவிடாமல் தானே ஊதினார். உப்புக் குறைவு என்று குறையும் சொன்னார்.

சிறுபோக வெங்காயம் கிண்டி எடுக்கும் காலத்தில் புண் வாய் மூடியது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கால் தெரிய நடந்துபோய்ப் பிணைக்குக் கையெழுத்து வைத்தார். பாஸ் கிடைத்தது. வெளிக்கிடுகிற அன்று, "கெதியாப் போ பிள்ளை, பஸ் போயிடும்" என்று மட்டும் சொன்னார்.

நான் திரும்பிப் போகவில்லை. அதற்காக அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். "அவளின்ரை புருஷனிட்டப் போயிட்டாள். என்னைப் பிடியுங்கோ" என்றாராம். வயதைப் பார்த்து விட்டுவிட்டார்கள். பிறகு ஊரே இடம்பெயர்ந்தபோது மாமா பக்கத்து வீட்டு அக்காவின் குடும்பத்தோடு கொடிகாமத்துக்குப் போனார். அங்கே ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் காய்ச்சலில் கிடந்து இறந்துபோனார். செய்தி எனக்குக் கிடைத்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது.