தண்ணீர் விலகிய இடம்

இத்தாலியின் வெர்செல்லி நெல்வயல்களை நவம்பர் மூடுபனி விழுங்கிவிட்டால் ஒத்தாவியோவுக்கு வேலை ஓய்ந்துவிடும். அறுவடை இயந்திரங்களைப் பழுதுபார்த்தே தலை நரைத்தவர். அந்த ஓய்வுக் காலங்களில்தான் அவருடைய கொட்டகையில் ஹெலிகாப்டர் வளர்ந்தது. பெட்டிகளில் வந்த பாகங்களை அவரும் அரிசி ஆலைக்காரன் எவாசியோவும் சேர்ந்தே பூட்டினார்கள். தலைக்கு மேல் சுழலும் இரண்டு பிளேடுகளில் ஒன்றை எவாசியோ வசந்தத்தில் தனியாக ஒட்டி முடித்தான். கோடையில் மாரடைப்பில் போய்விட்டான். மற்றதை ஒத்தாவியோ ஒட்டிவிட்டால் பறக்கலாம். முதல் பயணத்தில் மனைவி நெரீனா பக்கத்து இருக்கையில் உட்காருவதாகப் பேச்சு.

இரண்டாவது பிளேடின் மேல் ஒட்டவேண்டிய அலுமினியத் தகட்டைத் தேய்த்துத் துடைத்து, சாய்த்து நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார். தகடு சுத்தமாக இருந்தால் தண்ணீர் ஒரே படலமாக நிற்கும். பிசுக்கு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் விலகும். அங்கே பசையும் பிடிக்காது.

தண்ணீர் விலகியது.

கையுறையை மாற்றிக்கொண்டு மறுபடி தேய்த்தார். அதே இடத்தில் விலகியது. அடுத்த முறை வடிவமே தெரிந்தது. ஒரு கட்டைவிரல், ஓர் இடைவெளி, பிறகு மூன்று விரல்கள்.

நெரீனா வாசலில் வந்து நின்றாள். "பனீசா சோறு ஆறிக் களியாயிடுச்சு. நீ இன்னும் தகட்டக் குளிப்பாட்டிட்டிருக்கியா?"

"இங்க வா. இது யார் கைன்னு சொல்லு."

குனிந்து பார்த்தவளின் சிரிப்பு நின்றது. "ஆள்காட்டி விரல் இல்லியே. அதான் ஆலை பெல்ட்டுல போச்சே, எவாசியோவுக்கு."

"இந்தத் தகட்டோட பெட்டிய நேத்துதான் பிரிச்சேன். அவன் இதத் தொட்டதே இல்ல."

"செத்தும் கை சும்மா இருக்க மாட்டேங்குது பாரு, கடங்காரனுக்கு." கேலிதான், ஆனால் குரல் இறங்கியிருந்தது. "எதையும் தடவிப் பாக்காம நம்ப மாட்டானே. அரிசி மூட்டைக்குள்ள கைய விடாம வாங்கியிருக்கானா?"

ஒத்தாவியோ மெல்லத் திரும்பி, சுவரில் தொங்கிய முதல் பிளேடைப் பார்த்தார். துடைத்து முடித்ததும் கையுறையைக் கழற்றி, தகட்டை வெறுங்கையால் ஒருமுறை தடவியிருப்பான். மூட்டை அரிசியைத் தடவுகிற அதே கையால்.

பிளேடை இறக்கி, ஒரு காசால் நெடுகத் தட்டினார். கணீர், கணீர் என்று வந்தது. நடுப்பகுதிக்குக் கொஞ்சம் தள்ளி 'டொக்' என்றது. அங்கே உள்ளே பசை பிடிக்கவில்லை என்று புரிந்து கத்தியை எடுத்தார்.

"வெட்டாத," என்றாள் நெரீனா. "அவன் கடைசியாச் செஞ்சது அது."

"இதுக்குக் கீழ உக்காரப்போறது நீ."

விளிம்பில் கத்தி முனையை நுழைத்தார். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை, தகடு காகிதம்போல் உரிந்து வந்தது. உள்ளே காய்ந்த பசையின் மேல் கட்டைவிரல், ஓர் இடைவெளி, மூன்று விரல்கள்.

வெளியே பனிக்குள் ஒரு நாய் குரைத்துவிட்டு ஓய்ந்தது.

வெகுநேரம் கழித்து ஒத்தாவியோ புதுத் தகட்டின் மேல் மறுபடியும் தண்ணீர் ஊற்றினார். அது எங்கும் விலகாமல் ஒரே படலமாக நின்றது. நெரீனா அதில் தன் முகத்தைப் பார்த்தாள், தொடவில்லை.