தபன் தா சொல்லாத வார்த்தை

தபன் தா போய்விட்டார். விடிகாலையில் மாரடைப்பு...

போனில் சொன்னது எங்கள் கொல்கத்தா கல்லூரியின் தாவரவியல் துறை ஹெச்.ஓ.டி. அடுத்து அவர் சொன்னதில்தான் எனக்குச் சுருக்கென்றது.

"மீனா, நீ தமிழ்ல ஒரு போஸ்ட் போடு. லேக் மார்க்கெட் பக்கம் உங்க ஆளுங்க நிறைய இருக்காங்க இல்ல? கீழே அட்மிஷன் லிங்க்கையும் சேர்த்துடு."

அஞ்சலியா, விளம்பரமா?

எனக்கு எதிலும் சந்தேகம்தான். "காபி கொடுத்தாக்கூட மோந்து பார்த்துட்டுத்தான் குடிப்பா" என்று தபன் தாவே கிண்டல் செய்வார். 'தா' என்றால் அண்ணன். இங்கே சீனியர்களை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். நிரந்தர வேலையில் இருக்கிற புரொபசர், துறைக்குப் பிள்ளைகள் சேர்க்க ஸ்கூல் ஸ்கூலாக வெயிலில் ஏன் அலைய வேண்டும்? ஹெச்.ஓ.டி. நாற்காலிக்கு அடி போடுகிறார் என்றே நினைத்தேன்.

போன வருஷம் நான்தான் ஐடியா கொடுத்தேன். விஜயதசமி அன்று லேக் மார்க்கெட்டில் ஸ்டால் போடலாம், படிப்பு தொடங்குகிற நாளாயிற்றே என்று. கொல்கத்தாவில் அன்று துர்கையை வழியனுப்ப ஊரே கங்கைக்குப் போகிறது! பெங்காலிக்காரர், தெரிந்தேதான் தலையாட்டினார். ஏன் என்று இன்றுவரை புரியவில்லை.

பிளஸ் டூ பிள்ளை ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. வந்ததெல்லாம் மூன்று வயசுக் குழந்தைகளோடு தமிழ் அம்மாக்கள்.

அவர் அசரவில்லை. தொட்டாற்சிணுங்கித் தொட்டியை முன்னால் நகர்த்தி வைத்து, என்னிடம் ஒரு தமிழ்ச் சொல் கேட்டுக்கொண்டு, "தொடு பாபு, தொடு" என்று ஒவ்வொரு குழந்தையாகக் கூப்பிட்டார். இலை மூடியதும் குழந்தையைவிட அவர்தான் அதிகம் சிரித்தார்.

நியூ டவுனிலிருந்து வந்த ஒரு அப்பா மட்டும் மூத்த மகளுக்காக விசாரித்தார். "இதைப் படிச்சா வேலை கேரண்டியா சார்?"

"கேரண்டி இல்ல. பொண்ணுக்குச் செடி பிடிக்குமா?" என்றார் தபன் தா.

அந்த அப்பா போய்விட்டார். எனக்கு வந்ததே கோபம்... சீட் நிரம்பாவிட்டால் முதலில் வீட்டுக்குப் போவது என்னைப் போன்ற கான்ட்ராக்ட் ஆட்கள். "உங்களுக்கென்ன தபன் தா, பென்ஷன் இருக்கு!" என்று கத்திவிட்டேன்.

"உனக்காகத்தான் அலையறேன், பாக்லி. ஆனா பொய் சொல்லி இல்ல."

பைத்தியக்காரி என்கிறார், செல்லமாக. நான் அதையும் நம்பவில்லை.

இன்று துறையின் பேஸ்புக் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே தொட்டியோடு அவர் படம். கீழே, "வேலை உறுதி! இதுவே தபன் சாரின் கனவு. இன்றே சேருங்கள்."

மீட்டிங்கில் சண்டை போட்டு, அந்த "வேலை உறுதி"யைப் போஸ்டரிலிருந்து எடுக்க வைத்தவரே அவர்தான். இனி கேட்க ஆள் இல்லை என்ற தைரியம்.

இதை எழுதும்போதே ஹெச்.ஓ.டி. மெசேஜ். "லிங்க் மறந்துடாதே. உன் ரின்யூவலும் என் டேபிள்லதான் இருக்கு. சும்மா ஞாபகப்படுத்தினேன்."

சும்மாவாம்.

லிங்க் போடவில்லை. துறையைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். உங்கள் பிள்ளைக்குச் செடி பிடிக்குமா என்றுதான் முதலில் கேட்பேன்.

போயிட்டு வாங்க, தபன் தா. இப்போ நம்பறேன்.