வேறொரு வீட்டு விலாசம்

மகளுக்கு நாலு வயது நடந்த வருடம் நாங்கள் சிட்னியின் மேற்கே, டூங்கபிக்குப் பக்கத்தில், இரண்டு அறை யூனிட் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். கணவர் லொறி திருத்தும் மெக்கானிக். அவருடைய முதலாளி ஸ்பொன்சர் செய்த தற்காலிக விசாவில்தான் எங்கள் மூன்று பேருடைய வாழ்க்கையும் நின்றது. நிரந்தர விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம்.

எங்கே போனாலும் ஒரே கேள்வி. "பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில போடப்போறியள்?" எங்கள் தெருவுக்குரிய அரச பள்ளிக்கூடம் ஐந்து நிமிட நடை. அதன் பெயரைச் சொன்னால் எதிரில் நிற்பவரின் முகம் மாறும். "அங்கயோ?" என்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அந்த அரைச் சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூட நான் மிதித்ததில்லை.

கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளுக்கு முதலிடம் என்றார்கள், நாங்கள் சைவர்கள். தனியார் பள்ளிக்கூடம் ஒன்றைப் போய்ப் பார்த்தோம். புல்வெளியின் அழகைப் பார்த்ததும் கணவர் என் கையைப் பிடித்து, "வாரும், போவம்" என்றார். எல்லோரும் மெச்சிய அரச பள்ளிக்கூடம் கார் ஓட்டத்தில் இருபது நிமிடம். அதன் எல்லைக்குள் குடியிருந்தால்தான் இடம் கிடைக்கும். சனிக்கிழமைகளில் அங்கே வாடகை வீடு பார்க்கப் போவோம். ஒரு வீட்டுக்கு முப்பது பேர் வரிசையில் நிற்பார்கள். மூன்று விண்ணப்பங்கள் போட்டோம். மூன்றும் நிராகரிக்கப்பட்டன.

அப்போதுதான் கணவரின் தூரத்துச் சொந்தமான அன்ரி ஒருவர் வழி சொன்னார். அவரும் அங்கிளும் அந்த எல்லைக்குள் சொந்த வீட்டில் தனியாக இருந்தார்கள். "எங்கட விலாசத்தைக் குடு பிள்ளை. எல்லாரும் செய்யிறதுதானே."

அன்ரி வீட்டில் நாங்கள் குடியிருப்பதாகச் சத்தியக் கடதாசி ஒன்று தேவைப்பட்டது. லைப்ரரியில் அதை அத்தாட்சிப்படுத்துவதற்கென்று இருந்த சமாதான நீதவான், ஒரு வயதான வெள்ளைக்காரர், "இதில் இருப்பதெல்லாம் உண்மைதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "யெஸ்" என்றேன். அவர் என் முகத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. முத்திரையைக் குத்தினார். வெளியே வந்து காருக்குள் ஏறிய பிறகுதான் யோசித்தேன். பொய்ச் சத்தியம் செய்தவர்களுக்கு இந்த நாடு நிரந்தர விசா கொடுக்குமா?

மகளுக்கு அன்ரி வீட்டு இலக்கத்தையும் தெருப் பெயரையும் பாடமாக்கினேன். "பட் அம்மா, தட்ஸ் அன்ரிஸ் ஹவுஸ்" என்றாள்.

"பள்ளிக்கூடத்தில கேட்டால் அதுதான் எங்கட வீடு. வேற ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லக்கூடாது. விளங்குதோ?"

அவள் தலையாட்டினாள். அந்த வயதில் எதற்கும் தலையாட்டுகிற பிள்ளை அவள்.

பள்ளிக்கூடம் தொடங்கியது. காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, பக்கத்திலிருந்து வருகிறவளைப்போல் மகளின் கையைப் பிடித்து நடந்துபோவேன். பள்ளிக்கூடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தால் கணவர் வீட்டுக்கு வரும்வரை திறக்கமாட்டேன். ஒருநாள் மகளின் வகுப்பில் படிக்கும் பிள்ளையின் அம்மா, கோயம்புத்தூர்க்காரர், என்னிடம் சிரித்தபடி வந்தார். "நீங்களும் எங்க தெருவாமே! உங்க பொண்ணு சொன்னா. நான் உங்களைப் பார்த்ததே இல்லையேங்க?"

"வேலைக்கு வெள்ளெனப் போயிடுவன்" என்றேன். 'வெள்ளென' என்றால் அதிகாலை என்பது அவருக்கு விளங்கியதோ தெரியாது. அதன் பிறகு அவரைத் தூரத்தில் கண்டாலே மற்றப் பக்கத்தால் போய்விடுவேன்.

பள்ளிக்கூடத்தின் இரண்டாம் தவணையில் ஒரு வியாழக்கிழமை. நான் வேலை செய்த முதியோர் இல்லத்திலிருந்து புறப்பட்டேன். வழியில் ஏதோ விபத்து, கார்கள் அசையவில்லை. பள்ளிக்கூடம் விடும் மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. வேறு வழியில்லாமல், வகுப்புப் பெற்றோரின் வாட்ஸப் குழுவில் இருந்த இலக்கத்தில் அந்தக் கோயம்புத்தூர் அம்மாவை அழைத்து, மகளைக் கொஞ்ச நேரம் தன்னோடு வைத்திருக்கச் சொன்னேன். பள்ளிக்கூட ஆபீசுக்கும் அழைத்து, மகளை அவருடன் விடச் சொன்னேன். அரை மணித்தியாலம் கழித்து அவர் அழைத்தார்.

"வீட்டுல விட்டுட்டேங்க. எங்க வீட்டுக்கு வான்னு கூப்பிட்டேன், இதுதான் எங்க வீடுன்னு கேட்டைத் திறந்துட்டுப் போயிட்டா. கார் நின்னுச்சு, ஆன்ட்டி உள்ளதான் இருக்காங்கன்னு சொன்னா."

அன்ரியும் அங்கிளும் கல்யாண வீட்டுக்காக மெல்போர்ன் போயிருந்தார்கள். கணவர்தான் அவர்களை விமான நிலையத்தில் இறக்கிவிட்டார். கார் மட்டும்தான் முற்றத்தில் நின்றது.

இதை எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது. "வீட்டில் ஒருவரும் இல்லை, ஓடிப்போய்ப் பாருங்கள்" என்று நான் உடனே சொல்லவில்லை. சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். பொய்ச் சத்தியம், விசா, கணவரின் வேலை. ஐந்து வயதுப் பிள்ளை பூட்டிய வீட்டின் முன் தனியாக நிற்கிறாள். நான் விசாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தரம் கேட்டார்.

"அங்க ஒருத்தரும் இல்லை. நாங்கள் அந்த வீட்டில இல்லை. கெதியா ஓடிப்போய்ப் பாருங்கோ" என்று கத்தினேன்.

ஓடும் சத்தமும் மூச்சு வாங்கும் சத்தமும் போனில் கேட்டன. பிறகு, "வாசல்ல இல்லீங்க" என்றார். மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. எனக்கு முன்னால் லொறி ஒன்றின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்பது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்தத் தெருவின் முடிவில் பெரிய ரோடு.

கடைசியில் வீட்டின் பின்பக்கம், குப்பை வாளிகளுக்குப் பின்னால் குந்தியிருந்தவளை அவர் கண்டுபிடித்தார். கூப்பிட்டது கேட்டதாம். ஏன் வரவில்லை என்றதற்கு, "அம்மா ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டவ" என்றிருக்கிறாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டுச் சோபாவில் இருந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அழுதேன். அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க" என்றார்.

அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னேன். அலுமாரியில் இருந்த சத்தியக் கடதாசியின் பிரதியை எடுத்து வாசித்தார். பிறகு, "நாளைக்கு நானும் வாறன். நாங்களே போய்ச் சொல்லுவம்" என்றார்.

பள்ளிக்கூட அதிபர் ஐம்பது வயதுப் பெண். நாங்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. அந்தத் தவணை முடியும்வரை மகள் படிக்கலாம், பிறகு எங்கள் இடத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும் என்றார். "இதை நான் பதிவு செய்யத்தான் வேண்டும்" என்றும் சொன்னார். அந்தப் பதிவு எங்கே போகும் என்று கேட்க எங்கள் இருவருக்கும் துணிவு வரவில்லை.

அன்ரிக்குக் கோபம். "எங்களையுமெல்லே மாட்டிவிட்டிட்டியள்!" என்றார். பல மாதம் கதைக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம், குடிவரவுத் திணைக்களத்திலிருந்து ஏதும் வந்துவிடுமோ என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன். தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கமாட்டேன். கணவரிடம் ஆங்கிலத்தில் யாராவது பேசினால் பக்கத்தில் போய் நின்று கேட்பேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நிரந்தர விசா வந்த அன்று கணவர் வேலைத் தலத்திலிருந்து அழைத்துச் சொன்னார். நான் சந்தோஷப்படுவதற்கு முன், அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துக் காட்டச் சொன்னேன்.

மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. எல்லோரும் "அங்கயோ?" என்று கேட்ட அதே பள்ளிக்கூடம்தான். நல்ல ரீச்சர், இரண்டு கூட்டாளிகள், நடந்தே போய்வருகிறோம். அந்தக் கோயம்புத்தூர் அம்மா இன்றும் எங்களுக்கு வேண்டியவர். போன கிழமை தேநீர் குடித்துக்கொண்டே, கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தனி வகுப்புக்கு எடுக்க நாலாம் வகுப்பில் வைக்கும் தெரிவுப் பரீட்சைக்குத் தன் மகளை டியூஷனுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார். "நீங்க இன்னும் சேர்க்கலியா?"

இல்லை என்றேன். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, அந்த டியூஷன் வகுப்பின் விலாசத்தைக் கேட்டேன்.