பச்சையில் நின்ற முள்

"ஜனவரி பதினேழாம் தேதி நம் ஆம்புலன்ஸ் எரிந்ததற்கு ஓட்டுநர் அய்தாலின் கவனக்குறைவே காரணம் என்று அலுவலகம் எழுதியிருப்பது தவறு. குற்றவாளி நான்." மெக்கானிக் நுர்குன் தமது மனுவை இப்படித் தொடங்கினார்.

வடகோடி ஊரான வெர்கோயான்ஸ்கின் மைனஸ் ஐம்பது டிகிரி உறைகுளிரில், இரவெல்லாம் வண்டியில் கிடக்கும் தீயணைப்புக் கருவியின் அழுத்தமானி முள் சிவப்புக்கு இறங்கிவிடும். தினமும் காலை எட்டு மணிக்கு வண்டியைச் சோதிக்கும் பரிசோதகருக்கோ முள் பச்சையில் நிற்க வேண்டும். அதனால் நுர்குன் மாலைதோறும் அதைக் கழற்றி வந்து தம் வீட்டு அடுப்பருகே வைப்பார். பரிசோதனைக்குச் சற்று முன்புதான் திரும்ப மாட்டுவார்.

அன்று காலை ஏழு மணிக்கே அவசர அழைப்பு வந்தது. அய்தால் வழக்கம்போல் தீச்சுவாலை வீசும் ஊதுவிளக்கை எஞ்சினுக்கு அடியில் வைத்துச் சூடேற்றினான். எஞ்சின்மேல் போர்த்தியிருந்த கம்பளி பற்றிக்கொண்டது. தீயணைப்புக் கருவியை எடுக்க இருக்கைக்குப் பின்னால் கையை நீட்டினான். கொக்கி வெறுமையாக இருந்தது. கம்பளியை வெறுங்கையால் இழுத்தெறிந்தான்; அதற்குள் தீ வண்டிக்குப் பரவிவிட்டது.

கட்டுப்போட்ட கைகளோடு மருத்துவமனையில் படுத்திருந்தவன் நுர்குனைக் கண்டதும் சிரித்தான். "என்னண்ணே, உங்க வீட்டு அடுப்புப் பக்கம் அது நல்லா தூங்குச்சா?"

"சிரிக்காதடா."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்களுக்குப் பென்ஷனுக்கு ரெண்டு வருஷந்தான் இருக்கு."

அவன் திட்டியிருந்தால் நுர்குன் தாங்கியிருப்பார். வீடு திரும்பியவர், தாம் பத்திரப்படுத்திய பதினொரு வருடப் பரிசோதனைச் சீட்டுகளை எடுத்தார். ஒவ்வொன்றிலும் 'பச்சை', அதன் கீழே அவருடைய கையெழுத்து. அனைத்தையும் மனுவோடு இணைத்துக் கடைசி வரியை எழுதினார்:

"அய்தாலின் பெயரை நீக்கி என் பெயரைச் சேர்த்த விவரத்தைப் பதினைந்து நாளுக்குள் எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்."