மீன் தொட்டிக்கு வாங்கிய கருப்பு வெல்லம்

12.6.2024 – காலி சோடா பாட்டில் 2 – ரூ. 4
13.6.2024 – குளுக்கோஸ் ஏற்றும் குழாய் 1 – ரூ. 20
13.6.2024 – ஈஸ்ட், சிறு பொட்டலம் – ரூ. 15
16.6.2024 – கருப்பு வெல்லம், 5 கிலோ – ரூ. 200
ஆக மொத்தம் – ரூ. 239

என் வீட்டு மாடியில் ஆறு வருஷமாகக் குடியிருக்கும் தனசேகர், தன் மீன் தொட்டிச் செடிகளுக்காகச் செய்த செலவு இது. எங்கள் தெரு திருப்பதியில் அலிபிரி போகும் சாலையை ஒட்டியது. பட்டியலில் கடைசியாக இருக்கும் இருநூறு ரூபாய், அவருக்குக் கிடைக்கவிருந்த வேலையைக் கெடுக்கப் பார்த்தது.

தனசேகர் பிறந்தது 1990இல், நகரிக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமத்தில். நிலம் கிடையாது. அப்பா, அம்மா இருவரும் கரும்பு வெட்டும் கூலிகள். எட்டாவதோடு படிப்பு நின்றது. டிராக்டரில் கரும்பு ஏற்றினார். 2011இல் லைசென்ஸ் எடுத்தார். அன்று முதல் இன்னொருவருடைய லோடு வண்டியை நாள் கூலிக்கு ஓட்டினார். பதின்மூன்று வருஷத்தில் ஒரு விபத்து இல்லை. மனைவி ரோஜா நகரியில் விசைத்தறி ஓட்டும் குடும்பத்துப் பெண். வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார்.

2023இல் ஒரு லாட்ஜைக் காலி செய்து சாமான் ஏற்றியபோது, உடைக்க இருந்த இரண்டடி கண்ணாடித் தொட்டியை தனசேகர் கேட்டு வாங்கி வந்தார். மீன்களைவிட அவருக்குச் செடிகள்மேல்தான் ஆசை. “நாள் பூரா ரோட்டையே பாத்துக்கினு கீறேன் சார். ஊட்டுக்கு வந்தா கண்ணுக்குப் பச்சையா எதனா வேணும்” என்பார். ஆனால் செடிகள் வளரவில்லை. இலைகள் மஞ்சளாகிப் பாசி பிடித்தன. தண்ணீரில் கரியமில வாயு போதாது என்று செல்போனில் பார்த்துத் தெரிந்துகொண்டார். அதற்கான சிலிண்டர், மீட்டர் எல்லாம் சேர்த்து எட்டாயிரம் ரூபாய்.

ஏழைகளுக்கும் ஒரு வழி இருந்தது. பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீரும் ஒரு சிட்டிகை ஈஸ்டும் போட்டு இறுக மூடினால், அது புளிக்கும்போது கரியமில வாயு வரும். மூடியில் துளையிட்டுக் குழாய் செருகி, நுரை தங்குவதற்கு நடுவில் இன்னொரு பாட்டில் வைத்து, தொட்டிக்குள் விட வேண்டும். குழாயின் நுனியில் தனசேகர் ஒரு வேப்பங்குச்சியை இறுக்கிச் செருகினார். குச்சியின் நரம்பு வழியாகக் குமிழிகள் பொடிப் பொடியாக வந்தன.

சர்க்கரை போட மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. அவர் வளர்ந்த வீட்டில் சர்க்கரை விருந்தாளிகள் வந்தால் எடுப்பது. கூலியோடு சேர்த்து ஆலையில் கொடுக்கும் கரிய வெல்லம்தான் வீட்டில் எப்போதும் இருக்கும். ஈரம் பட்டால் அது நுரைத்துப் பொங்குவதையும் அவர் பார்த்திருக்கிறார். ஆகவே சித்தூருக்கு லோடு போனபோது மண்டியில் ஐந்து கிலோ வாங்கினார். கடைக்காரர் ஆதார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார். சிம் கார்டுக்குக் கேட்பதில்லையா, அதுபோல என்று நினைத்து இவரும் சொல்லிவிட்டார். கள்ளச்சாராயம் காய்ச்ச அந்த வெல்லம் போகிறது என்பதால் கணக்கு வைக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

ஜூலையில் செடிகள் துளிர்த்தன. ஆகஸ்டில் சிவப்பு இலைச் செடி தண்ணீர் மட்டத்தைத் தொட்டது. செப்டம்பர் 2ஆம் தேதி, திருப்பதிக்கு யாத்ரீகர்களை ஏற்றி வரும் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிரைவர் வேலைக்கு மனுப் போட்டார். மாதச் சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு.

செப்டம்பர் 19, வியாழக்கிழமை, காலை ஏழே முக்காலுக்குக் கலால் துறை ஜீப் எங்கள் வாசலில் நின்றது. எஸ்.ஐ. சுமித்ராவும் கான்ஸ்டபிள் ரமணாவும் மாடிக்குப் போனார்கள். கூடவே நானும் போனேன். ரமணா பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார்.

“மேடம், வாசனையே தூக்குது.”

“ஏமய்யா, இது இன்னா?” என்றார் சுமித்ரா.

“செடிக்குக் காத்து மேடம்.”

“செடிக்கா? தொட்டியில மீனு தான கீது?” என்று ரமணா சிரித்தார். “மீனுக்கு சோடா ஊத்தறியா? ஊறுகாயும் வெச்சிட்டியா?”

சுமித்ரா சிரிக்கவில்லை. அடுப்படி, பரண், மொட்டை மாடி எல்லாம் பார்த்தார். காய்ச்சும் பானையோ ஆவிக் குழாயோ இல்லை. தொட்டியின் முன் குனிந்து வேப்பங்குச்சியையும் சிறிது நேரம் கவனித்தார். “நான் பாத்தத எழுதறேன். ஆனா சாம்பிள் லேபுக்குப் போவணும். அதுல ஆல்கஹால் வரும். அப்பறம் என் கையில இல்ல” என்று சொல்லிவிட்டு, பாட்டிலையும் மிச்ச வெல்லத்தையும் எடுத்துப் போனார்.

நவம்பர் 4ஆம் தேதி பஸ் கம்பெனியின் கடிதம் வந்தது. தேர்வாகிவிட்டார், ஆனால் கலால் விசாரணை இருப்பதாகப் போலீஸ் சரிபார்ப்பில் தெரிகிறது, வழக்கு இல்லை என்ற கடிதத்தை ஜனவரி 31க்குள் தராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும். டிசம்பரில் லேப் அறிக்கை வந்தது. ஆல்கஹால் ஒன்பது சதவீதம்.

வண்டிக் கூட்டாளி எழிலரசன் ஒரு யோசனை சொன்னார். “மாட்டுக்கு மருந்துனு எழுதிக் குடுத்துடு. யாரு போயி மாட்டக் கேக்கப் போறாங்க?”

“ஒனக்கு மாடு எங்கய்யா கீது?” என்றார் ரோஜா, கணவரிடம். “மாடியில கட்டி வெச்சிக்கினு கீறியா? உள்ளத உள்ளபடி சொல்லு. ஜெயிலுக்குப் போனாலும் பொய் சொல்லிட்டுப் போவாத.”

“உள்ளதச் சொன்னா நம்பமாட்டாங்களே.”

“நம்பறாப்பல காட்டு.”

இதற்குள் வாயு நின்று மூன்று மாதம். சிவப்புச் செடியின் அடி இலைகள் அழுகி உதிர்ந்தன. செல்போனில் மறுபடி தேடியபோது இன்னொரு வழி தெரிந்தது: எலுமிச்சை உப்பையும் சமையல் சோடாவையும் தண்ணீரில் கலந்தாலும் அதே வாயு வரும். இதில் புளிப்பதற்கு எதுவும் இல்லை, ஆல்கஹாலும் வராது. ஆனால் செலவு அதிகம். வெல்லம் இரண்டு வாரம் வந்தது, இது ஒரு வாரம் தாண்டாது.

ஜனவரி 6, திங்கட்கிழமை, சித்தூர் அலுவலகத்துக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நானும் பஸ்ஸில் கூடப் போனேன். தனசேகர் மடியில் ஒரு துணிப்பை. மேலதிகாரி கேட்டதற்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: “அதுல சாராயம் இருந்திச்சி சார். இல்லன்னு சொல்லல. எனக்கு அது வேணாம், பதினஞ்சு நாளுக்கு ஒரு வாட்டி சாக்கடையில ஊத்திடுவேன். அதுலேர்ந்து வர்ற காத்து மட்டும்தான் வேணும். இப்ப அதே காத்த வேற மாதிரி எடுக்கறேன், பாருங்க.”

மேஜைமேல் ஊறுகாய் பாட்டிலை வைத்தார். உள்ளே தண்ணீரில் சிவப்புச் செடியின் ஒரு கிளை. பக்கத்தில் குழாயால் இணைத்த இரண்டு பாட்டில்கள். ஒன்றை அமுக்கியதும் புளிப்புத் தண்ணீர் மற்றதில் இருந்த சோடாவுக்குள் இறங்கியது. வேப்பங்குச்சியிலிருந்து குமிழிகள் கிளம்பின. மேலதிகாரி எழுந்து வந்து பார்த்தார். பாட்டிலைக் கையில் எடுத்து மோந்தார்.

“வாசனை இல்லையே.”

“இல்ல சார். ஆனா செலவு கொஞ்சம் ஜாஸ்தி.”

“முன்னாடியே இத செஞ்சிருக்கலாமே?”

“வெல்லம் வாங்கறது தப்புனு தெரியாது சார். எங்க ஊட்டுல எப்பவும் அதுதான்.”

சுமித்ரா, தான் அன்று வீட்டில் பார்த்ததை எழுதிய தாளைக் கோப்பிலிருந்து எடுத்து மேலே வைத்தார். மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, “முடிவு தபால்ல வரும்” என்றார்.

அடுத்த மூன்று வாரமும் தனசேகர் காலை லோடு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. தபால்காரர் தெருவைத் தாண்டும்வரை வாசலிலேயே நின்றார். இரண்டு முறை வந்தது எனக்கான தபால். கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில் வந்த பழுப்புக் கவரை அவர் மாடிக்குக் கொண்டுபோய் நீட்ட, ரோஜாதான் பிரித்தார். தெலுங்கில் மூன்று வரி. காய்ச்சும் நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை; வழக்குப் பதிவு இல்லை; விசாரணை முடிக்கப்பட்டது. கடிதம் வந்த தேதி 29.1.2025, புதன்கிழமை.