பற்றைக்காக எழுதிய கடிதம்

“ஒக்டோபர், முதலாம் சனி. காலை ஏழு பத்து. காற்று வடமேற்கு. பொப்லர்ப் பற்றையில் எழும்பிய கோழி ஏழு, விழுந்தது ஒன்று. முயல் இல்லை. தேத்தண்ணீர்ப் போத்தலை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர் சிவநேசன்.”

என்னுடைய பச்சை மட்டைக் கொப்பியில் இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது. நாள், நேரம், காற்று, குற்றவாளியின் பெயர் எல்லாம் எழுதியிருக்கிறேன். வருடத்தை மட்டும் எழுதவில்லை. அந்த வருடம் முடிந்துபோகும் என்று அப்போது தோன்றவில்லைப் போலும். நாங்கள் அப்போது காட்டுக்குப் போன சாம்பல் நிறக் கார் சிவநேசனிடம் மூன்று குளிர்காலம்தான் இருந்தது என்பதை வைத்து இருபத்தைந்து வருடத்துக்குக் குறையாது என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

கொப்பியைத் தேட வைத்தது ஒரு மணம். போன கிழமை, மில்லிக்கனில் எங்கள் பின்வளவுக்கு அடுத்த வீட்டில் மரம் வெட்ட ஆட்கள் வந்தார்கள். கொப்புகளை ஒரு மெசினுக்குள் தள்ளித் தூளாக்கினார்கள். யன்னலைச் சாத்தப் போன நான் சாத்தாமல் நின்றேன். நனைந்த வேப்பம்பட்டை போல ஒரு கசப்பு, அதன் அடியில் கொஞ்சம் இனிப்பு. வெட்டிய பொப்லரின் மணம் அது. எட்டிப் பார்க்காமலே மரம் எதுவென்று தெரிந்துவிட்டது. நேரே நிலவறைக்குப் போய்ப் பெட்டிகளைக் கிளறத் தொடங்கினேன்.

நான் வேட்டைக்காரன் அல்ல, அதை முதலே சொல்லிவிடுகிறேன். வேட்டைக்காரர் அருளப்பு அண்ணை. மன்னார்க்காரர், கத்தோலிக்கர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஸ்காபரோவில் பெட்டி அடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் நாங்கள் மூவரும் ஒரே மேசையில் வேலை செய்தோம். மூன்றாவது ஆள் சிவநேசன். இருவரும் வேட்டை லைசன்சுக்குப் பரீட்சை எழுதினார்கள். கேள்விகளைத் தமிழில் சொல்லிக் கொடுத்தவன் நான். சொல்லிக் கொடுத்தேனே தவிர, எனக்கென்று ஒரு லைசன்ஸ் எடுக்க மனம் வரவில்லை. செம்மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு கொப்பியும் பென்சிலுமாகப் பின்னால் நடப்பேன். வழியில் யாராவது மறித்து விசாரித்தால் சிவநேசன் முந்திக்கொள்வார்.

“இவர் சுடமாட்டார். எழுதி விழுத்துவார்.”

ஸ்ரீல்ஸ் வீதியிலிருந்து வடக்கே காரில் ஒரு மணித்தியாலம் ஓடினால் அந்தப் பொதுக்காடு. லைசன்ஸ் உள்ளவர் எவரும் வேட்டையாடலாம். பெரும்பகுதி பெரிய மரங்கள். கிழக்கு மூலையை மட்டும் எப்போதோ மொட்டையாக வெட்டியிருந்தார்கள். அங்கே வேரிலிருந்து பொப்லர்கள் கிளம்பி மணிக்கட்டுத் தடிப்பில், புதர்போல் பற்றையாக நெருக்கியடித்து நின்றன. உள்ளே நேராக நடக்க முடியாது, பக்கவாட்டில் நுழைய வேண்டும். அதற்குள்தான் நாங்கள் காட்டுக்கோழி என்று சொன்ன பறவை இருந்தது. அது ஊர்க் காட்டுக்கோழி அல்ல. வெள்ளைக்காரர் வைத்திருக்கும் பெயர் வேறு. ஆனால் அருளப்பு அண்ணை பார்த்த முதல் நாளே அப்படிக் கூப்பிட்டுவிட்டார். அதற்குப் பிறகு அதற்கு வேறு பெயர் இல்லை.

முதல் தடவை அதன் சேவல் செட்டை அடிக்கும் சத்தம் கேட்டது ஒரு வசந்தகாலத்தில். வேட்டைக் காலம் அல்ல, சும்மா இடம் பார்க்கப் போயிருந்தோம். தூரத்தில் டுப்... டுப்... என்று தொடங்கி, வேகம் பிடித்து, சட்டென்று நின்றது. மூவரும் ஒரே நேரத்தில் ஒரே பிழையை விட்டோம்.

“ஆரோ இறைப்பு மிசின் போடுறாங்கள்,” என்றார் சிவநேசன். “பிளக் ஊத்தை போலை. பிடிக்குதில்லை.”

தண்ணீர் இறைக்கும் மெசின்காரனுக்கு உதவி செய்யவென்றே கொஞ்சத் தூரம் நடந்தோம். விழுந்து கிடந்த மரக்குற்றியின் மேலிருந்து ஒரு கோழி எழும்பிப் பறந்தபோதுதான் விளங்கியது. அன்று சிரித்த சிரிப்பில் அருளப்பு அண்ணைக்கு இருமல் வந்துவிட்டது.

அவருக்குப் பறவையைவிட இடத்தில்தான் கண். ஒரு சனி காலை பொப்லர் ஒன்றைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். மரம் அசையவில்லை. முந்திய வருடம் அசைந்தது என்றார்.

“உது கோழி இருக்கிற வயசைத் தாண்டுது, தம்பி. இன்னும் அஞ்சாறு வரியத்திலை உதுக்குள்ளை கொசுதான் இருக்கும்.”

மன்னாரில் காட்டை எரித்துச் சேனை வெட்டிப் பயிர் செய்து கைவிட்ட நிலத்தில்தான் முயலும் கோழியும் நிறையும் என்றும், பத்துப் பதினைந்து வருடத்தில் அது பெருங்காடானதும் அவை அடுத்த சேனைக்குப் போய்விடும் என்றும் விளக்கினார். கோழிக்குப் பெரிய மரம் தேவையில்லை, பருந்துக்குத் தெரியாமல் ஒளிக்க இடம் தேவை. நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

சில வருடங்கள் கழித்துக் காட்டு வாசலில் ஓர் அறிவித்தல் தொங்கியது. கிழக்கு மூலையை என்ன செய்வது என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஊர் மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு மூவரும் போனோம். நடைக்கு வருபவர்கள் நிழல் வேண்டும் என்றார்கள். குதிரை வைத்திருப்பவர்கள் அகலமான பாதை கேட்டார்கள். உள்ளூர் வேட்டைக்காரக் கிழவர் ஒருவர் எழும்பி, அந்தப் பொப்லர்களைப் பகுதி பகுதியாக வெட்டிவிட்டு வேரைத் தொடாமல் விடவேண்டும் என்றார். அருளப்பு அண்ணை என் முழங்கையைப் பிடித்து, இந்த மனிசன் சேனை கண்டவன் என்றார். எழும்பிப் பேசச் சொன்னேன், மாட்டேன் என்றார். அவருக்கு இங்கிலீஷ் வேலைத்தலத்தோடு சரி. எழுத்தில் அனுப்பலாம் என்று அதிகாரி சொன்னதும், இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து அருளப்பு அண்ணை வந்ததும், பிளாசாக் கோப்பிக் கடையில் அந்தக் கடிதம் எழுதப்பட்டது. அவர் சொன்னதை முதலில் அப்படியே தமிழில் எடுத்தேன்.

“பத்தையை வெட்டவேணும். வெட்டினாத்தான் பத்தை நிக்கும். விட்டா மரமாப் போடும்.”

பற்றை என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் நாங்கள் எப்படிக் கேட்டு வளர்ந்தோம் என்பதை இங்கே சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் அது வெட்டப்படுவதற்காகவே இருக்கும் சாமான். இடம்பெயர்ந்த பிறகு ஊரிலிருந்து வந்த கடிதமெல்லாம் வளவு பற்றை பிடித்துப்போய்க் கிடக்கிறது என்றே சொன்னது. பற்றை என்றால் ஆளில்லாத வீடு. ஒருவர் பற்றை நிற்கவேண்டும் என்று ஆசைப்படலாம் என்பது என் கைக்கு ஏறவில்லை. வெட்டினால் எப்படி நிற்கும்? இரண்டாவது வசனம் முதலாவதை மறுக்கிறது என்று தோன்றியது. நல்ல பத்திரிகையாசிரியன் ஒருவன் செய்வதை நானும் செய்தேன். அந்த இரண்டாவது வசனத்தை நீக்கிவிட்டேன். மிதமிஞ்சி வளர்ந்த பற்றைகளைத் துப்புரவாக்கி நல்ல நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று, எழுவாய் பயனிலை பிசகாத ஆங்கிலத்தில் எழுதினேன்.

கையெழுத்துப் போடும் முன் அவர் கேட்டார்: “நான் சொன்னதெல்லாம் கிடக்குதோ?”

“ஓமண்ணை. கொஞ்சம் திருத்தி எழுதினனான்.”

“திருத்தினால் நல்லதுதானே.”

அடுத்த வசந்தத்தில் முடிவுகளை அச்சிட்ட சிறு புத்தகம் மூவருக்கும் தபாலில் வந்தது. வேட்டைக்காரர் உட்படப் பலரும் பற்றைகளைத் துப்புரவாக்கக் கேட்டதாகவும், அதன்படி கிழக்கு மூலையைத் துப்புரவாக்கிப் பைன் நடப்போவதாகவும் அதில் இருந்தது. துப்புரவு என்பதற்கு நான் பாவித்த அதே சொற்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அன்று பெருமையாக இருந்தது. வேலைத்தலத்தில் சாப்பாட்டு நேரம் புத்தகத்தை விரித்து, எங்கள் வசனத்தைப் போட்டிருக்கிறார்கள் என்று காட்டினேன். பைன் என்ற சொல்லில் என் கண் நிற்கவேயில்லை.

செப்டெம்பர் கடைசிச் சனி, காலை ஏழரை, வானம் மப்பு. கொப்பியில் அன்றைய குறிப்பில் வேறு எதுவும் இல்லை. கிழக்கு மூலையில் பொப்லர் ஒன்றும் இல்லை. வெட்டியதோடு விடாமல் மெசினால் வேரைக் கிளறி, மண்ணைச் சமப்படுத்தி, முழங்கால் உயரப் பைன் கன்றுகளைக் கயிறு பிடித்தாற்போல் நட்டிருந்தார்கள். சிவநேசன் வழக்கம்போல் ஏதோ பகிடி சொல்லத் தொடங்கிப் பாதியில் விட்டார். அருளப்பு அண்ணை துவக்கை மடித்துத் தோட்டாவை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். குந்தியிருந்து அறுந்த வேர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“வெட்டினது சரி. ஏன் வேரைக் கிண்டினவங்கள்?”

நான் நீக்கிய வசனம் எதற்காக இருந்தது என்று எனக்கு அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது. அவர் எழும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திவிட்டார்.

“நீர் வடிவாத்தானே எழுதினனீர். அவங்களுக்கு விளங்கேல்லை.”

நான் ஓம் என்றேன். 

பிறகு இரண்டு பருவம் வேறு காடுகளைத் தேடிப் போனோம். ஒவ்வொன்றிலும் அவர் மரத்தை ஆட்டிப் பார்ப்பார், தலையாட்டுவார், திரும்பிவிடுவோம். சிவநேசனுக்கு முழங்கால் பழுதானது. அஜெக்சுக்கு வீடு மாறிப் போனார். தொழிற்சாலை மூடப்பட்டது. அருளப்பு அண்ணை துவக்கை விற்றுவிட்டு மகள் ஜெசிந்தாவோடு எட்மன்டன் போனார். பிரிவு என்று யாரும் அதைச் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை யாரும் என் வீட்டு வாசலில் ஹோர்ன் அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மரத்தூள் மணந்த அந்தக் கிழமையே வடக்கே கார் ஓடிப் போனேன். பைன்கள் வீட்டுக் கூரையைவிட உயர்ந்து வரிசையாக நிற்கின்றன. கீழே புல்லில்லை, ஊசியிலை மெத்தை மட்டும். என் காலடிச் சத்தம் எனக்கே கேட்கவில்லை. நாயோடு வந்த ஒரு பெண்மணி, இந்தக் காட்டிலேயே வடிவான இடம் இதுதான், எப்போதும் இப்படியே இருந்திருக்கும் என்றார். வடிவுதான், மறுக்க முடியாது. நெருப்போ மரம் அரியும் வாளோ பட்டுப் போன இடமென்றால் காட்டி அழலாம். இது வளர்ந்து போன இடம். எதைக் காட்டி, இங்கே ஏழு கோழி எழும்பியது என்று அவருக்குச் சொல்வது? காலை எட்டிலிருந்து பத்துவரை நின்றேன். எழும்பிய கோழி: இல்லை.

இன்னும் ஒன்று எழுத இருக்கிறது. போன வருடம் ஜெசிந்தா எட்மன்டனில் வீடு மாறும்போது எனக்கு அழைத்தாள். தகப்பனின் கடதாசிகளுக்குள் அந்த அச்சுப் புத்தகமும், நான் கொடுத்த கடிதப் பிரதியும் ஒன்றாக மடித்து இருந்ததாம். எறிவதா வைப்பதா என்று கேட்டாள். அப்பாவுக்கு அந்தக் கடிதத்தை எப்போதாவது வாசித்துக் காட்டினாயா என்று கேட்டேன்.

“அந்த நேரம் வீட்டை வாற இங்கிலீஷ் பேப்பர் எல்லாம் நான்தான் வாசிச்சுச் சொல்றது. இதையும் வாசிச்சிருப்பன். ஐ டோன்ற் ரிமெம்பர், அங்கிள்.”

வாசித்திருந்தால், அது எந்த மாதம்? அந்தச் செப்டெம்பர் சனிக்கு முன்னரா, பின்னரா? அவர் என் முகத்தைப் பார்த்து, நீர் வடிவாத்தானே எழுதினனீர் என்று சொன்னது, கடிதத்தில் தன் வசனம் இல்லையென்று தெரிந்தா, தெரியாமலா? இதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை. அருளப்பு அண்ணை சுகமாக இருக்கிறார், ஞாபகமும் தெளிவு. ஞாயிறுதோறும் பேசுகிறோம்.