நெற்றியில் வரைந்த வேர்வை

தொண்ணூறுகளின் கடைசியில் சிங்காநல்லூரில் ஒரு ஸ்டுடியோவில், கம்ப்யூட்டரில் போட்டோக்களைத் திருத்தும் வேலை பார்த்தேன். நிஜம்போலவே தண்ணீர்த் துளிகள் வரைவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஒருநாள், இறந்துபோன கணவரின் படத்தைப் பெரிதாக்க ஒரு பெண் வந்தார். கணவர் மில் தொழிலாளியாம். பவுடர் பூசி எடுத்த அந்த ஒரே படம்தான் இருந்தது. சுவரில் நான் துளிகள் வரைந்து மாட்டியிருந்த ரோஜாவையே அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, இந்த மாதிரி இவரு நெத்தியில வேர்வை வெக்க முடியுங்களா?"

"எதுக்குங்க? மொகம் பளிச்சுன்னு நல்லாத்தானுங்க இருக்குது."

"ஷிப்டு முடிஞ்சு ஊட்டுக்கு வேர்வையோடதானுங்க வருவாரு. இது யாரோ மாதிரி இருக்குதுங்க."

ஒவ்வொரு துளிக்கும் கீழே மெல்லிய நிழலும், மேலே புள்ளி வெளிச்சமும் வைத்தேன். பிரிண்ட்டைக் கையில் வாங்கினார். பிறகு முந்தானையால் அந்த நெற்றியை மெதுவாக ஒற்றினார்.

"தொடச்சாலும் போகலீங்களே..." என்றார்.

அந்தத் துளிகள் கொஞ்சம் பொய்யாகத் தெரிந்திருக்கக் கூடாதா என்று அன்றுதான் முதல்முறையாக நினைத்தேன்.